நெட்வொர்க் மூடப்படும், நிறுவனம் கைமாறும்: சிங்கப்பூர்த் தொலைத்தொடர்பு நிர்வாகத்தில் நீண்டகாலம் நிலைப்பது எப்படி?

2025 ஆகஸ்ட் 11 அன்று கெப்பல் நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தன் கையில் இருக்கும் எம்1இன் தொலைத்தொடர்புத் தொழிலைப் போட்டி நிறுவனமான சிம்பாவுக்கு விற்க உடன்பாடு ஆகியிருக்கிறது, மதிப்பு 1.43 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) என்றது அது. அதே மாதத்தில் இன்னொரு தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்டார்ஹப், மைரிபப்ளிக்கின் பிராட்பேண்ட் தொழிலில் தன் கையில் இல்லாத மீதிப் பங்கையும் வாங்குவதாகச் சொன்னது. வாடிக்கையாளர்கள் கட்டணம் கூடுமா என்று கேட்டார்கள். துறைக்குள் இருப்பவர்களுக்கும், பிள்ளையைப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் வேறு கேள்வி. நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கும் இவ்வளவு சிறிய ஊரில், தொலைத்தொடர்பு நிர்வாகி என்ற வேலையை நம்பி 30, 40 ஆண்டு ஓட்ட முடியுமா?

முடியும் என்பதே என் கணிப்பு. ஆனால் ஒரே நிறுவனத்தில் சேர்ந்து, ஒரே தொழில்நுட்பத்தில் தேர்ந்து, படிப்படியாக மேலே போகும் பழைய வழி அடைபட்டுவிட்டது. நிலைத்து நிற்பவர்களுக்கு நெட்வொர்க், பணம், உரிமம் மூன்றும் தெரிந்திருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்றில் ஆழமும் இருக்கிறது. ஏன் இந்த மூன்று என்பது புரிய, துறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## யார் யாரிடம் வேலை இருக்கிறது

1992 வரை சிங்கப்பூரில் தொலைபேசிச் சேவையைத் தருவதும் அதை ஒழுங்குபடுத்துவதும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் சேவைப் பிரிவு சிங்டெல் என்ற நிறுவனமாகப் பிரிந்தது. 1993 நவம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 1997இல் எம்1 கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 2000 ஏப்ரல் முதல் தேதி சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. 2002இல் திறப்பதாக இருந்ததை அரசாங்கம் இரண்டு ஆண்டு முன்னால் இழுத்துக்கொண்டது. ஸ்டார்ஹப் களமிறங்கியதும் அப்போதுதான். 2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டிபிஜி, 105 மில்லியன் வெள்ளிக்கு அலைக்கற்றை ஏலம் எடுத்து நான்காவது நிறுவனமாக நுழைந்தது. இன்றைய சிம்பா அதுதான்.

கடை வாசலில் தெரியும் பெயர்கள் இவை. பெயர் தெரியாத இடங்களிலும் வேலை நிறைய இருக்கிறது:

1. வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள், அதைத் தாங்கும் குழாய்கள் ஆகியவை நெட்லிங்க் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த ஃபைபரில் ஒளியேற்றி மொத்த விலைக்கு விற்கும் நிறுவனங்கள் நடுவில் நிற்கின்றன. உங்களுக்கு பில் அனுப்புபவர் மூன்றாவது அடுக்கு. இந்த மூன்றடுக்குப் பிரிவினை நாடளாவிய பிராட்பேண்ட் திட்டத்திலேயே வகுக்கப்பட்டது.

2. சொந்தக் கோபுரமோ அலைக்கற்றையோ இல்லாமல், மற்றவரின் நெட்வொர்க்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர்கள் உண்டு. எம்விஎன்ஓ என்பார்கள். சர்க்கிள்ஸ்.லைஃப் அந்த வகை.

3. கருவி விற்பவர்கள்: சிங்டெல்லின் 5ஜிக்கு எரிக்சன். ஸ்டார்ஹப்பும் எம்1உம் சேர்ந்து அமைத்த ஆன்டினா கூட்டு நிறுவனத்துக்கு நோக்கியா.

4. கேபிள் இழுப்பவர்கள், கூரையில் ஆன்டெனா ஏற்றுபவர்கள், ஃபைபரை ஒட்டுபவர்கள். பெரும்பாலும் குத்தகை, துணைக்குத்தகை நிறுவனங்கள். தமிழ் பேசும் ஊழியர்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

5. இவர்கள் எல்லோருக்கும் மேலே, துறையை ஒழுங்குபடுத்தும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், சுருக்கமாக ஐஎம்டிஏ.

"டெல்கோவில் வேலை" என்றதும் நாம் நினைப்பது இந்த அடுக்குகளில் ஒன்றை மட்டும். இருபது ஆண்டு தாண்டி மேலே வந்தவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் இவற்றில் இரண்டிலாவது வேலை செய்திருப்பார்கள்.

## பணம் ஏன் குறைகிறது

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய், ப்ரீபெய்ட் கார்டு விற்கும் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். விடுதியிலிருந்து வந்த வெளிநாட்டு ஊழியர், "எத்தனை ஜிபி, எத்தனை நாள், ஊருக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்பார். கடைக்காரர் மூன்று நிறுவனத்தின் அட்டைகளை வரிசையாக மேசையில் வைப்பார். எந்த நிறுவனம் என்பது இருவருக்கும் பொருட்டே இல்லை. ஒரு வெள்ளி குறைந்தால் அடுத்த மாதம் ஆள் அந்தப் பக்கம். வீடியோ அழைப்பு வாட்ஸ்அப்பில் போவதால், ஊருக்குப் பேசும் நிமிடங்களில் நிறுவனங்கள் ஒரு காலத்தில் பார்த்த காசும் போயிற்று.

இந்தக் காட்சியைத் துறையின் மொழியில் சொன்னால் அதற்குப் பெயர் ஆர்ப்பு. அதாவது, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் வருமானம். சிம்பாவின் 10 வெள்ளித் திட்டம், எம்விஎன்ஓக்களின் ஒப்பந்தமில்லாத் திட்டங்கள் எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுத்துவிட்டன.

வருமானம் குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டியதுதானே? இங்கேதான் தொலைத்தொடர்பு மற்ற தொழில்களிலிருந்து விலகுகிறது. செலவு இரண்டு வகை. அலைக்கற்றை, கோபுரம், மென்பொருள் உரிமம் என ஒரு தடவை பெரிதாகப் போடும் முதல் கேப்பெக்ஸ். மின்சாரம், கூரை வாடகை, பராமரிப்பு, சம்பளம் என மாதாமாதம் போவது ஓப்பெக்ஸ். ஒரு பேட்டைக்கு 5ஜி கொடுக்க ஆகும் முதலீடு, அங்கே ஆயிரம் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் பெரிதாக மாறாது. போட்ட முதலைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆகவே கத்தி விழுவது ஓப்பெக்ஸில்தான், அதற்குள்ளும் முதலில் ஆட்களின் மீது.

நெட்வொர்க்கைப் பகிர்வதும் நிறுவனங்கள் இணைவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. ஆன்டினா வந்ததால் இரண்டு நிறுவனத்துக்கு ஒரே 5ஜி நெட்வொர்க் போதுமானது. ஒரே கூரையில் இரண்டு நிறுவனத்தின் கருவிகள் இருந்தால், இணைப்புக்குப் பிறகு ஒன்று இறங்கும், அதன் வாடகை மிச்சம். அதே தர்க்கம் அலுவலகத்துக்குள்ளும் ஓடும்: இரண்டு நிதிப் பிரிவு, இரண்டு பில்லிங் குழு, இரண்டு திட்டமிடல் குழு எதற்கு?

ஆனால் இணைப்பு ஒன்று நடந்தால் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேலை கூடும். இரண்டு வாடிக்கையாளர் தரவுத்தளத்தை ஒன்றாக்க வேண்டும், சிம் கார்டுகளை மாற்ற வேண்டும், கருவி ஒப்பந்தங்களைத் திரும்பப் பேச வேண்டும். தற்காலிக வேலைதான், முடிந்ததும் குழு கலைந்துவிடும். அதனால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாதாரணக் காலத்தில் பத்து ஆண்டானாலும் பார்க்கக் கிடைக்காத பில்லிங், நெட்வொர்க், ஒப்பந்தம், ஒழுங்குமுறை எல்லாம் ஒரே மேசைக்கு வருவது அப்போது மட்டும்தான்.

## தொழில்நுட்பத்துக்கும் ஆயுள் உண்டு

2ஜி சிங்கப்பூருக்கு வந்தது 1994இல், மூடப்பட்டது 2017 ஏப்ரலில். 3ஜி 2005இல் வந்தது, அதை நிறுத்தும் வேலை 2024 ஜூலை இறுதியில் தொடங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயுள். 25 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவர் முழு வேலைக்காலத்தில் குறைந்தது இரண்டு தலைமுறை பிறப்பதையும் இரண்டு தலைமுறை மூடப்படுவதையும் பார்ப்பார். சிங்கப்பூரில், ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர்வதற்கான மறுவேலை வயது வரம்பு 2026 ஜூலையில் 69 ஆகிறது என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒரு நெட்வொர்க்கைத் திறப்பதற்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட மூடுவதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் நிர்வாகம் கற்க மூடுவதுதான் நல்ல பள்ளிக்கூடம். 3ஜியை நிறுத்துவது என்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று பாருங்கள். பழைய கைத்தொலைபேசி வைத்திருக்கும் முதியவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் புரியும்படி சொல்ல வேண்டும். 4ஜி தொலைபேசியாகவே இருந்தாலும், குரல் அழைப்பை 4ஜியில் எடுக்கத் தெரியாத மாடல்கள் உண்டு. இணையம் ஓடும், அழைப்பு போகாது. அவசர அழைப்புக்கு அது ஆபத்து. மின்தூக்கி அலாரம், சிறிய கடைகளின் பணம் செலுத்தும் கருவி என எந்த இயந்திரத்துக்குள் எந்த சிம் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். அப்புறம், விடுவிக்கப்பட்ட அலைக்கற்றையை எப்போது, எதற்குத் திருப்பிவிடுவது என்ற முடிவு. இதில் ஆன்டெனா பொறியியல் ஒரு பங்குதான், மீதி மனிதர்களும் பணமும் சட்டமும்.

3ஜி மட்டுமே தெரிந்த பொறியாளரின் வேலை 3ஜியோடு முடியும். 3ஜியை ஒரு புகாரும் பெரிதாகாமல் மூடத் தெரிந்தவரை, 4ஜியை மூடும் நாளிலும் கூப்பிடுவார்கள்.

## அதிகாலை மூன்றரை மணி: நிர்வாகம் உண்மையில் என்ன

நிர்வாகம் என்றால் குழுக் கூட்டம், அறிக்கை, பட்ஜெட் என்ற எண்ணம் இருக்கிறது. அவையும் உண்டுதான். ஆனால் தொலைத்தொடர்பில் ஒரு நிர்வாகியின் தரம் தெரிவது மாற்றம் செய்யும் இரவில்.

நெட்வொர்க்கில் எந்தப் பெரிய மாற்றமும் நள்ளிரவுக்குப் பின், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் நடக்கும். மெயின்டெனன்ஸ் விண்டோ என்பார்கள். அதற்கு முன்னால் எம்ஓபி என்ற ஆவணம் தயாராகும். ஒவ்வொரு படியிலும் என்ன கட்டளை, என்ன விடை வர வேண்டும், வராவிட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்று வரிவரியாக எழுதியிருக்கும். அப்படித் திரும்புவதற்குப் பெயர் ரோல்பேக்.

22 படிகள் கொண்ட மென்பொருள் மேம்பாடு ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணி மூன்றரை. 14ஆம் படியில் எதிர்பார்த்த விடை வரவில்லை. கருவி நிறுவனத்தின் பொறியாளர், "இன்னொரு தடவை முயல்வோம், சரியாகிவிடும்" என்கிறார். ரோல்பேக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு நகரம் எழுந்துவிடும். அப்படியானால் நான்கரைக்குள் முடிவெடுத்தாக வேண்டும். தொடர்வதா, திரும்புவதா? அந்த அறையில் கட்டளைகளை நன்றாகத் தெரிந்தவர்கள் பலர் இருப்பார்கள். முடிவைச் சொல்லும் பொறுப்பு ஒருவருடையது. திரும்பினால் மறுநாள் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும், திட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போகும். தொடர்ந்து, அது கவிழ்ந்தால் நாடே விழித்துக்கொள்ளும்.

இது கற்பனைப் பயம் இல்லை. சிங்டெல்லுக்குச் சொந்தமான ஆஸ்திரேலிய நிறுவனம் ஆப்டஸில் 2023 நவம்பர் 8 அன்று நடந்ததைப் பார்க்கலாம். வெளி நெட்வொர்க் ஒன்றில் வழக்கமான மென்பொருள் மேம்பாடு. அதைத் தொடர்ந்து வந்த வழித்தடத் தகவல்கள், ரூட்டர்களில் முன்கூட்டியே வைத்திருந்த பாதுகாப்பு வரம்பைத் தாண்டின. ரூட்டர்கள் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொண்டன. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாமல் சில இடங்களுக்கு ஆட்கள் நேரில் போக வேண்டியிருந்தது. சுமார் 1 கோடி வாடிக்கையாளர்கள் பல மணி நேரம் தொடர்பிழந்தார்கள். செனட் விசாரணையில், இவ்வளவு பெரிய துண்டிப்புக்கு நிறுவனத்திடம் திட்டமே இல்லை என்பது வெளிவந்தது. நவம்பர் 20 அன்று தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தில் ஃபயர்வால் மேம்பாடு ஒன்றின்போது அவசர அழைப்புகள் போகாமல் நின்றன. உயிரிழப்புகளும் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 2013 அக்டோபர் 9 அன்று புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்து ஃபைபர் கேபிள்கள் எரிந்தன. பராமரிப்பு வேலையில், அனுமதி இல்லாமல் தீச்சுடர் கருவி ஒன்றைப் பயன்படுத்தியதே காரணம் என்று தெரியவந்தது. சிங்டெல்லுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம். கருவியைப் பிடித்த கை ஒருவருடையது. ஆனால் அந்த அறையில் என்னென்ன கருவி நுழையலாம், யார் மேற்பார்வை, மாற்றுவழிக் கேபிள் எங்கே என்ற கேள்விகள் எல்லாம் நிர்வாகத்துடையவை.

ஆகவே ஒருவரை மேலே கொண்டுபோகும் திறன் எதுவென்று கேட்டால், நிறுத்தத் தெரிவது என்பேன். கூடவே, நடந்ததை மறைக்காமல் எழுதத் தெரிவது. துண்டிப்புக்குப் பிறகு எழுதப்படும் மூலகாரண அறிக்கையில் "ஊழியர் தவறு" என்று முடிப்பவரும் இருக்கிறார், அந்தத் தவறு நடக்க எந்த ஏற்பாடு இடம் கொடுத்தது என்று தோண்டுபவரும் இருக்கிறார். இரண்டாமவரின் பெயர் நினைவில் இருக்கும்.

## உரிமம்: பலரும் தாண்டிப்போகும் பாதி

தொலைத்தொடர்பு என்பது உரிமத்தின் பேரில் நடக்கும் தொழில். அலைக்கற்றை நாட்டுக்குச் சொந்தம், அதை நிபந்தனையோடு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கிறார்கள். சேவைத் தரம் குறைந்தாலோ துண்டிப்பு ஏற்பட்டாலோ, 1 மில்லியன் வெள்ளி அல்லது அந்தச் சேவையின் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம்.

சொந்தக் கட்டமைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வகை உரிமம், பிறர் கட்டமைப்பில் சேவை விற்பவர்களுக்கு இன்னொரு வகை. எம்1, சிம்பா போன்ற இணைப்புக்கு ஐஎம்டிஏயின் ஒப்புதல் தேவைப்படுவதும் இந்தச் சட்டகத்தில்தான். போட்டி குறையுமா, சேவை பாதிக்குமா என்று ஆணையம் பார்க்கும்.

அண்மை ஆண்டுகளில் பொறுப்பு இன்னும் விரிந்திருக்கிறது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பெயரோடு குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத பெயர்கள் மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு வருகின்றன. 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பின்படி, வங்கிகளைப் போலவே தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் மோசடித் தடுப்புக் கடமைகள் உண்டு. வங்கி தன் கடமையைச் செய்திருந்து, தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால், ஏமாந்தவரின் இழப்பை அது ஈடுகட்ட வேண்டிவரும். குறுஞ்செய்தி வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்பது முன்பு தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் இருந்தது. இன்று அது பணக் கேள்வியாகவும் சட்டக் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பேசத் தெரிந்தவர் தேவை. அப்படிப்பட்டவர்கள் குறைவு.

## படிப்படியாகக் கட்டுவது

1. முதல் ஐந்து ஆண்டு கை அழுக்காக வேண்டும். நெட்வொர்க்கை 24 மணி நேரமும் கண்காணிக்கும் மையத்தில் ஷிஃப்ட் வேலை கடினம்தான், குடும்பத்தாருக்குப் பிடிக்காது. ஆனாலும் எது எதைப் பாதிக்கிறது என்ற வரைபடம் மனதில் பதிவது அங்கே. ஃபைபர் களப்பணி, ரேடியோ திட்டமிடல், கோர் நெட்வொர்க் எதுவானாலும் சரி, ஒன்றில் ஆழம் வேண்டும். ஆழமே இல்லாமல் நேராக திட்ட ஒருங்கிணைப்பாளராகப் போனவர்கள், மூன்றரை மணிக் கேள்விக்கு அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

2. அடுத்து, பணத்தின் பக்கம் ஒரு காலை வையுங்கள். எம்பிஏ செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் பிரிவின் பட்ஜெட்டைத் தயாரிக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கருவியை மாற்றினால் மின்செலவு எவ்வளவு மிச்சம், எத்தனை ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்று ஒரு பக்கத்தில் எழுதப் பழகுங்கள். இந்த ஒரு பக்கம் பதவி உயர்வுக்குச் செய்யும் வேலையைப் பல சான்றிதழ்கள் செய்வதில்லை.

3. ஐஎம்டிஏ வெளியிடும் ஆலோசனைத் தாள்களையும் முடிவுகளையும் படியுங்கள். இலவசம், பொதுவெளியில் கிடைப்பவை. ஒவ்வொரு நிறுவனமும் அவற்றுக்கு எழுதிய பதிலும் கூடவே இருக்கும். போட்டி நிறுவனம் எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

4. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாருங்கள். சேவை நிறுவனத்தில் இருப்பவர் சில ஆண்டு கருவி நிறுவனத்திலும், அங்கே இருப்பவர் இங்கேயும். கருவி விற்பவருக்கு எங்கே இலாபம் வருகிறது என்று தெரிந்தவர்தான் ஒப்பந்தத்தை நன்றாகப் பேசுவார்.

5. குத்தகை ஊழியர்களை நடத்தும் விதம் உங்கள் பெயரைத் தீர்மானிக்கும். மேன்ஹோலுக்குள் இறங்கி ஃபைபர் ஒட்டுபவர் பல நேரங்களில் தமிழ் பேசுபவராக இருப்பார். ஆங்கிலத்தில் எழுதிய பாதுகாப்பு விதி அவருக்குப் புரிந்ததா என்று அவர் மொழியிலேயே கேட்கக்கூடிய நிர்வாகி நீங்கள் என்றால், அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். "அண்ணே, இந்த மூடியை யார் திறந்தது?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் பயமில்லாத இடத்தில்தான் கிடைக்கும். மேலே சொன்ன மூலகாரண அறிக்கையும் அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.

6. சான்றிதழ்கள்: நெட்வொர்க்குக்கு சிசிஎன்ஏ வகை, திட்ட நிர்வாகத்துக்கு பிஎம்பி, சேவை நிர்வாகத்துக்கு ஐடிஐஎல். கதவைத் திறக்கும், அவ்வளவே.

## வேலை எந்தப் பக்கம் நகர்கிறது

கைத்தொலைபேசிச் சந்தை சுருங்கினாலும் அதன் அடியில் இருக்கும் கட்டமைப்பு வளர்கிறது. நாடளாவிய பிராட்பேண்டை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக அரசாங்கம் 2024இல் அறிவித்தது. கரைசேரும் கடலடிக் கேபிள்களின் எண்ணிக்கையைப் பத்தாண்டில் இரட்டிப்பாக்கும் திட்டம் 2023இல் வெளியான மின்னிலக்க இணைப்புத் திட்டவரைவில் இருக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கேபிள் 2002இலேயே சிங்டெல், பார்தி கூட்டில் போடப்பட்டது. கேபிள் முதலீடு, பழுதுபார்ப்பு, பல நாட்டு அனுமதிகள் எல்லாம் தனி நிர்வாகத் துறை; மெதுவாக நகரும், நீண்டகாலம் தாங்கும்.

சிங்டெல் தன் தரவு நிலையத் தொழிலை நெக்ஸெரா என்ற பெயரில் தனியாக வளர்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சேவைக்கு என்சிஎஸ் இருக்கிறது. தாய்லாந்தின் ஏஐஎஸ், இந்தோனீசியாவின் டெல்கொம்செல், இந்தியாவின் ஏர்டெல், பிலிப்பீன்ஸின் குளோப் ஆகியவற்றில் சிங்டெல் பங்கு வைத்திருக்கிறது. வட்டார வேலையை நாடுபவர்களுக்கு ஜகார்த்தாவோ பேங்காக்கோ எட்டாத தூரத்தில் இல்லை.

இணையப் பாதுகாப்பு இன்னொரு பக்கம். யுஎன்சி3886 என்ற இணைய ஊடுருவல் குழு சிங்கப்பூரின் முக்கியக் கட்டமைப்பைத் தாக்கிவருவதாக 2025 ஜூலையில் அமைச்சர் கா. சண்முகம் வெளிப்படையாகச் சொன்னார். நெட்வொர்க்கை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் பாதுகாப்பு கற்றுக்கொள்வது, பாதுகாப்பு மட்டும் படித்தவர் நெட்வொர்க் கற்பதைவிட எளிது. பத்தாண்டு அனுபவத்தோடு வழி மாற நினைப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

## இப்போது கைமாறும் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு

உங்கள் வேலை எந்த வகை என்று முதலில் பாருங்கள். வாங்கும் நிறுவனத்தில் அதே வேலையை இன்னொருவர் செய்கிறாரா? அப்படியானால் இணைப்புக் குழுவில் இடம் கேளுங்கள். கெப்பலின் அறிவிப்பில் விற்கப்படுவது தொலைத்தொடர்புத் தொழில் மட்டும். நிறுவனங்களுக்கான தகவல் தொழில்நுட்பப் பிரிவைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகக் கெப்பல் சொன்னது. எந்தப் பிரிவு எந்தப் பக்கம் போகிறது என்பதை இதுபோன்ற அறிவிப்புகளில் வரிவரியாகப் படிக்க வேண்டும். வேலை விதிமுறை பற்றிய சந்தேகங்களைத் தொழிற்சங்கத்திடம் கேட்கலாம். துறைக்கென்றே சிங்கப்பூர்த் தொலைத்தொடர்பு ஊழியர் சங்கம் இருக்கிறது.

40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் பயிற்சித் திட்டத்தில் பயிற்சிக் கட்டணத்துக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. வேலையை விட்டு முழுநேரப் பயிற்சிக்குப் போனால், 2025 முதல் தகுதிக்கேற்ப மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் உண்டு. ஆட்குறைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், வேலையில் இருக்கும்போதே படிப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.

எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், இருப்பவர்களின் நிலை வேறு. பாஸ் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை மாறினால் புதிய நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் புள்ளி முறையில் 40 புள்ளி தேவை. சம்பளமும் படிப்பும் உங்களைப் பொறுத்தவை. ஆனால் ஊழியர்களின் நாட்டுப் பன்முகமும் உள்ளூர் ஆட்களின் பங்கும் நிறுவனத்தைப் பொறுத்தவை. ஒரே நாட்டவர் மிகுந்த துணைக்குத்தகை நிறுவனத்தில் அந்தப் புள்ளி குறைய வாய்ப்பு அதிகம். பலர் பெரிய சேவை நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், பாஸோ மூன்றாவது அடுக்கில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் பெயரில் இருக்கும். மேலே நடக்கும் இணைப்பில் ஒரு ஒப்பந்தம் ரத்தானால், முதலில் அடி விழுவது அங்கே. உங்கள் பாஸ் யார் பெயரில் இருக்கிறது, அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்ற இரண்டையும் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டச் சான்றிதழைச் சரிபார்க்கும் வேலையையும் இப்போதே முடித்துவையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் படிப்புக்கான புள்ளி அதை வைத்துத்தான் கிடைக்கும்.